கரகரக்கும் ரீலுக்குச் சிகிச்சை

கேள்வி: கடலில் தூண்டில் வீசப் பயன்படுத்தும் என் பெயிட்காஸ்டிங் ரீல், கைப்பிடியைச் சுற்றும்போதெல்லாம் கரகரக்கிறது. வீட்டிலேயே பிரித்துச் சுத்தம் செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். பிரிப்பதற்குத் தைரியம் போதும், பூட்டுவதற்கே ஞாபகசக்தி வேண்டும் என்பதால், கழற்றிய பாகங்களைக் கழற்றிய கிரமத்திலேயே ஒரு வெள்ளைத் துணியின்மீது வரிசையாக வைப்பது உத்தமம். புகழ்பெற்ற ரீல்களைச் செய்த ஸ்வீடனின் அபு நிறுவனம், 1921-இல் கடிகாரத் தொழிற்சாலையாகப் பிறந்தது என்பதை நினைத்தால், இந்த யந்திரம் கடிகாரக்காரரின் பொறுமையைக் கேட்பதில் ஆச்சரியமில்லை.

பழைய கிரீஸையும் உப்பையும் துடைத்தெடுத்தபின், பற்சக்கரங்களுக்குச் சிறிது கிரீஸும், நூல் சுற்றும் ஸ்பூலின் பேரிங்குகளுக்கு மெல்லிய எண்ணெய் ஒரு துளியும் இடுங்கள். தாராள மனத்தோடு ஸ்பூல் பேரிங்கில் கிரீஸை அப்பினால் வீச்சு தூரம் குறையும். கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் உருளை பேரிங்கில் அப்பினாலோ, அது வழுக்கிப்போய், மீன் உங்களைப் பிடிக்கும் விபரீதம் நேரலாம். நூலைச் சீராகப் பரப்பும் புரித்தண்டில் அழுக்கு விசேஷமாகக் குடியேறும். அதைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வெளியேற்றி, எண்ணெயிடுங்கள். சமையலறைத் தேங்காயெண்ணெய் பிசினாகிவிடும். அது தலைக்கே இருக்கட்டும்.

ஒவ்வொரு கடற்பிரயோகத்துக்குப் பின்னும் நன்னீரால் மென்மையாகக் கழுவி, உலர்த்தி, மீன் இழுக்கும்போது நூலைக் கட்டுப்படுத்தும் டிராக்கைத் தளர்த்தி வைத்தால், இந்தச் சிகிச்சை அடிக்கடி தேவைப்படாது. எல்லாம் பூட்டியபின் ஒரு திருகாணி மிஞ்சினால், உபரி லாபமென்று மகிழாமல், மறுபடி பிரியுங்கள்.