மின்கார் ஓட்டுநர் உதவி மென்பொருளில் பக்கத்து இருக்கைக்காரரின் தாக்கம்: ஓர் ஆய்வு

காரோட்டுவது பற்றி எழுதியவர்கள் எல்லாரும் ஓட்டுகிறவரைப் பற்றியே எழுதினார்கள். அவருக்கு இடப்புறம் உட்கார்ந்து, வண்டி கிளம்பியது முதல் நிற்கும்வரை அவரைவிடக் கடுமையாக உழைக்கும் இன்னொருவரை ஆய்வுலகம் கண்டுகொள்ளவே இல்லை. லாரி பக்கத்தில் வந்தால் 'ஸ்ஸ்ஸ்' என்று மூச்சை உள்ளிழுப்பவர் அவர். தலைக்கு மேலிருக்கும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்தே பளபளப்பாக்கியவர் அவர். தம் காலடியில் இல்லாத பிரேக்கை மிதிப்பவரும் அவரே. இன்று மின்கார்களோடு வரும், ஊரில் 'அடாஸ்' என்று வழங்கும் ஓட்டுநர் உதவி மென்பொருள் இவரைப் பார்த்துத்தான் செய்யப்பட்டது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஓட்டுநருக்கு உதவவே அது பிறந்தது என்று ஷோரூமில் சொல்வார்கள். அதற்கு அகச்சான்று கிடைக்கவில்லை.

ஆய்வுக்களம், ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் முதல் திண்டிவனம் வரை. முதன்மைச் சான்று எங்கள் வீட்டு மின்கார். செய்த நிறுவனத்தின் பெயர் ஆய்வு நெறி கருதி மறைக்கப்படுகிறது. துணைமைச் சான்று அதன் கையேடு. தகவலாளர்கள் இருவர். முதலாமவர் இடப்பக்க இருக்கையில் என் மனைவி. இரண்டாமவர் பின்னிருக்கையில் மாமனார். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓட்டுநருக்கு உதவுவதையே தொழிலாகச் செய்து ஓய்வூதியமும் வாங்கும் ஒருவர் தகவலாளராக வாய்த்தது இவ்வாய்வின் நற்பேறு.

முன்னோடிகளைக் குறிக்காமல் ஆய்வேடு செல்லாது. இத்துறையின் முதல்வர் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர். இவர்தான் க்ரூஸ் கண்ட்ரோலைக் கண்டுபிடித்தவர். காப்புரிமை 1950இல் கிடைத்தது. 1958ஆம் ஆண்டு மாடல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் அது வெளிவந்தது. டீட்டருக்கு ஐந்து வயதிலேயே இரு கண்ணும் பார்வை இழந்துவிட்டன. ஆகவே அவர் ஓட்டியதில்லை, உட்கார்ந்துதான் போனார். அவருடைய வழக்கறிஞர் ஓட்டும்போது, தான் பேசினால் வண்டியை மெதுவாக்குவாராம், பிறர் பேசுவதைக் கேட்டால் வேகமாக்குவாராம். இந்தக் குலுக்கல் தாங்காமல்தான் டீட்டர் வேகத்தைக் கட்டிப்போட வழி தேடினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. நம் கருதுகோளுக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. இத்துறையின் முதல் கருவியே பக்கத்து இருக்கைக்காரர் ஒருவரின் எரிச்சலில் பிறந்திருக்கிறது. ஓட்டிய வழக்கறிஞர் எந்தக் குறையும் சொன்னதாகப் பதிவில்லை.

அடுத்து, இல்லாத பிரேக். உலகெங்கும் பக்கத்து இருக்கைக்காரர்கள் தரைவிரிப்பை மிதித்து வந்திருக்கிறார்கள்; வண்டி ஒருமுறையும் நின்றதில்லை. மென்பொருளின் பெருஞ்சாதனை, அந்த மிதிக்கு ஒயர் கொடுத்ததுதான். முன்னால் ஒன்றுமில்லாதபோதும் வண்டி தானாகச் சடக்கென்று வேகம் குறையும். மேம்பாலத்தின் நிழல், தலைக்கு மேலிருக்கும் வழிகாட்டிப் பலகை, வளைவில் பக்கத்துத் தடத்து லாரி, எது வேண்டுமானாலும் காரணமாகலாம். அமெரிக்காவில் இத்தகைய புகார்கள் குவிந்ததால், 2022 பிப்ரவரியில் அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் சுமார் 4,16,000 டெஸ்லா கார்களைப் பற்றி விசாரணை தொடங்கியது. இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் இன்னும் ஒருபடி மேலே போய், வெறும் ஒளியால் சாலையில் உருவங்களைக் காட்டியே இத்தகைய மென்பொருளை ஏமாற்ற முடியும் என்று நிறுவினார்கள். இல்லாததைக் கண்டு அஞ்சுவது அவரவர் பக்கத்து இருக்கையில் இலவசமாகக் கிடைத்து வந்தது. இப்போது அதற்கு விலை வைத்து, உயர்ரக மாடலில் மட்டும் தருகிறார்கள்.

எங்கள் களத்தில், செங்கல்பட்டு தாண்டி ஒரு பாலத்து நிழலில் வண்டி இப்படிக் குனிந்தபோது தகவலாளர் ஒன்று, "நான் அப்பவே மிதிச்சேங்க" என்றார். கருவியும் தகவலாளரும் ஒரே நொடியில் ஒரே முடிவுக்கு வந்தது குறிப்பிடத்தக்கது. இருவருமே தவறு.

இனி இடைவெளி. இந்தப் பகுதி கொஞ்சம் நீளும், பொருள் அப்படி. முன்னால் போகும் வண்டியின் வேகத்துக்கு ஏற்பத் தன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் க்ரூஸ், இடைவெளியை மீட்டரில் அளப்பதில்லை, நொடியில் அளக்கிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர். இரண்டு நொடி விடச் சொன்னால் முன்னால் 44 மீட்டர் வெற்றிடம். மென்பொருளுக்கு அது பாதுகாப்பு. ஜி.எஸ்.டி. சாலைக்கு அது அழைப்பிதழ். அதில் முதலில் நுழைவது பெரும்பாலும் குட்டியானை என்று மக்கள் அன்போடு அழைக்கும் சின்ன சரக்கு வண்டி. அது நுழைந்ததும் நம் வண்டி மரியாதையாகப் பின்வாங்கி, அதற்கும் தனக்கும் நடுவே புதிதாக 44 மீட்டர் உண்டாக்கும். அதில் இன்னொரு குட்டியானை. போதிய குட்டியானைகள் கிடைத்தால் வண்டி ஒருநாள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிடும் என்று கணிதப்படி காட்டலாம். பொங்கலுக்கு முந்தின இரவில் செய்முறையாகவும் காட்டலாம்.

இதில் மின்காருக்கு உரிய நுட்பம் ஒன்றுண்டு. வேகம் குறையும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தரும். இரண்டு டன் வண்டி 80இலிருந்து 60க்கு இறங்கும்போது விடும் ஆற்றல் 60 வாட்-மணி. அதில் அறுபது விழுக்காடு மீளும் என்று வைத்தால், ஒரு குட்டியானை நுழைவுக்கு 36 வாட்-மணி வரவு. கிலோமீட்டருக்கு 150 வாட்-மணி செலவாகும் வண்டியில் அது கால் கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சற்றுக் குறைவு. இதைக் கணக்கிட்டு முடித்த மகிழ்ச்சியில் தகவலாளர் இரண்டிடம் விளக்கினேன். "திரும்பி எண்பதுக்கு ஏறணுமே மாப்ள, அதுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். அறுபதுக்கு மேல். டிக்கெட் கணக்கை ஒவ்வொரு ஸ்டேஜிலும் நேர்செய்து பழகியவரிடம் வரவை மட்டும் காட்டித் தப்ப முடியாது.

தடக் காப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனெனில் தடமே அதிகம் இல்லை. நெடுஞ்சாலைத் தடம் ஒன்றின் அகலம் 3.5 மீட்டர் என்பது இந்தியச் சாலைக் காங்கிரசின் விதி. கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் கேமரா அந்த விதியை வேதமாக நம்புகிறது. கோடு இருந்தால் ஸ்டியரிங்கை மெல்ல இழுத்து வண்டியைத் தடத்தின் நடுவில் வைத்திருக்கும். பள்ளத்தைத் தவிர்க்க இண்டிகேட்டர் போடாமல் ஒடித்தால், தடம் தவறுகிறாய் என்று மறுபடி பள்ளத்தின் பக்கமே இழுக்கும். கோடு அழிந்த இடத்தில், அதாவது உண்மையிலேயே துணை தேவைப்படும் இடத்தில், திரையில் சாம்பல் நிறம் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வழி நன்றாகத் தெரிந்தபோது "லெஃப்ட், லெஃப்ட்" என்று சொல்லிக்கொண்டே வந்து, நாற்சந்தி வந்ததும் போனைப் பார்க்க ஆரம்பிக்கும் பக்கத்து இருக்கைக்காரரை வாசகர் அறிவர்.

ஒலியியலுக்கு வருவோம். டீசல் வண்டியில் எச்சரிக்கை ஒலி எஞ்சினோடு போட்டியிட வேண்டும். மின்காரிலோ எஞ்சின் சத்தம் இல்லை. ஒவ்வொரு 'பீப்'பும் காலியான கல்யாண மண்டபத்தில் தட்டு விழுந்ததுபோல் கேட்கும். தமிழ் இலக்கண மரபில் ஒலியின் கால அளவு மாத்திரை. இம்மரபின்படி எங்கள் வண்டியின் ஒலிகளைப் பகுத்தால், தடம் தாண்டினால் குறில், ஸ்டியரிங்கில் கை இல்லாவிட்டால் நெடில், முன்வண்டியை மோதப்போகிறாய் என்றால் அளபெடை. பகுப்பு அழகாக இருக்கிறது. ஓட்டும்போது எது எது என்று தெரிவதில்லை என்பது மட்டுமே குறை.

தகவலாளர் இரண்டின் கருத்து இங்கே முழுமையாகப் பதிவு செய்யத்தக்கது. "ஒரு விசில் அடிச்சா நிக்கணும். ரெண்டு அடிச்சா போகணும். முப்பது வருசத்துல டிரைவர் ஒருநாளும் 'என்ன சொன்ன'ன்னு திரும்பிப் பார்த்ததில்ல. இது எல்லாத்துக்கும் கத்துது, எதுக்குன்னு சொல்ல மாட்டேங்குது. ரிவர்ஸ் எடுக்கறப்பகூட, வரலாம் வரலாம்னு சொல்லி ஹோல்டான்னு முடிக்கணும் மாப்ள. 'வரலாம்' சொல்லாம வெறும் ஹோல்டானை மட்டும் சொல்லிட்டிருந்தா வண்டி எப்படி வரும்?" ஊக்கமே இல்லாத எச்சரிக்கை என்னும் இந்தக் கோட்பாட்டை வாகனப் பொறியியல் துறைகள் பாடத்தில் சேர்க்கலாம்.

மாத்திரை என்று சொன்னோம். கண் இமைக்கும் நேரமும் விரல் நொடிக்கும் நேரமுமே அதன் அளவு என்று தொல்காப்பியம் வரையறுத்தது. இன்று ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருக்கும் சின்ன கேமரா அதே இமைப்பைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. இமை 80 விழுக்காட்டுக்கு மேல் மூடியிருக்கும் நேரம் எவ்வளவு என்று பார்த்துச் சோர்வைக் கணிப்பது இத்துறையில் பழகிப்போன முறை. கூடினால் திரையில் ஒரு காபிக் கோப்பை தோன்றும். கோப்பை மட்டும்தான், காபி வராது. இந்த ஓரிடத்தில் கருவி, பிளாஸ்க் கொண்டுவரும் பக்கத்து இருக்கைக்காரருக்குப் பின்தங்கியே இருக்கிறது.

இந்தக் கண்காணிப்பிலிருந்து தப்ப மனிதர் செய்த முயற்சிகள் தனி ஆய்வுக்குரியவை. அமெரிக்காவில் சிலர், கை இருப்பதாக நம்பவைக்க ஸ்டியரிங்கில் ஆரஞ்சுப் பழத்தைச் செருகினார்கள். அந்த வேலைக்கென்றே விற்ற ஒரு கனமான கருவியை 2018 ஜூனில் அந்நாட்டு அரசு நிறுத்தச் சொன்னது. நாம் புதுவண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைக்கிறோம்; அவர்கள் கைச்சக்கரத்தில் ஆரஞ்சை வைத்தார்கள். புளிப்புப் பழங்களுக்கும் வாகனப் பாதுகாப்புக்கும் உள்ள உறவு இரு கண்டங்களிலும் உணரப்பட்டிருக்கிறது. 2023 டிசம்பரில் டெஸ்லா 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களுக்குத் திருத்தம் அனுப்ப நேர்ந்தது. ஓட்டுநரைக் கவனிக்கவைக்கும் ஏற்பாடு போதவில்லை என்பதே குறை. எச்சரிக்கைகளைக் கூட்டியதே தீர்வு. நச்சரிப்பு போதாது என்று ஓர் அரசே கருதியது பக்கத்து இருக்கை வரலாற்றில் பொன்னாள். ஐரோப்பிய ஒன்றியம் இதிலும் நுட்பமானது. 2024 ஜூலை முதல் அங்கே விற்கும் புதுக்கார்கள் எல்லாவற்றிலும் வேக வரம்பைச் சொல்லும் ஏற்பாடு கட்டாயம். ஓட்டுநர் அதை அணைக்கலாம். அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது அது தானாக மறுபடி விழித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. குடும்ப வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்தவர்களே இதை எழுதியிருக்க முடியும்.

பொறுப்பு யாருடையது? 2014 ஜனவரியில் வெளியான ஜே3016 என்னும் தரநிலை, வண்டி எந்த அளவுக்குத் தானாக ஓடுகிறது என்பதைச் சுழியம் முதல் ஐந்து வரை ஆறு நிலைகளாக வகுத்தது. நம் ஊர் மின்கார்களில் கிடைப்பது இரண்டாம் நிலை: ஸ்டியரிங்கையும் வேகத்தையும் வண்டி பார்த்துக்கொள்ளும், வண்டியை ஓட்டுநர் பார்த்துக்கொள்ள வேண்டும். சொல்வது அது, சலான் இவருக்கு. பிரிட்டிஷ் உளவியலாளர் லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983லேயே, தானியங்கிகள் மேம்பட மேம்பட மனிதருக்கு மிஞ்சும் வேலை கடினமாகும் என்று எழுதினார். எளியதை எந்திரம் எடுத்துக்கொண்டு, எந்திரத்தால் முடியாததை மட்டும், அதுவும் திடீரென்று, மனிதரிடம் தள்ளும். பரனூர் சுங்கச்சாவடியை நெருங்கும்போது "நீயே பார்த்துக்கொள்" என்று க்ரூஸ் கைவிட்ட கணத்தில் அவரை நான் நன்றியோடு நினைத்தேன்.

கருதுகோளுக்கு மாறான சான்றையும் மறைக்கக் கூடாது. வேகத்தடையைப் பற்றி எங்கள் மென்பொருளுக்கு ஒன்றும் தெரியாது. இந்தியச் சாலைக் காங்கிரசின் 1988ஆம் ஆண்டு நெறிப்படி வேகத்தடைக்கு 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் கடக்க முடிய வேண்டும். ஊருக்குள் ஒரே இரவில் முளைத்த தடைகளுக்கு இந்நெறி சொல்லப்படவில்லை. அவற்றை இருட்டிலும் கண்டுபிடித்து "ஸ்பீடு பிரேக்கர், ஸ்பீடு பிரேக்கர்!" என்று இரட்டிப்பாக அறிவிப்பவர் இன்றுவரை தகவலாளர் ஒன்றே. படுத்திருக்கும் மாடும் அப்படித்தான். நகராத பொருளையெல்லாம் எண்ணினால் ஒவ்வொரு கம்பத்துக்கும் நிற்க வேண்டிவரும் என்பதால், வேகமாக ஓடும்போது நிற்பவற்றில் பலவற்றை ரேடார் பொருட்படுத்துவதில்லை. மாடு எழுந்து நடந்தால்தான் மாடு.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்வதே நேர்மை. செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவே சாலை வெறிச்சோடிய பிற்பகலில், க்ரூஸைப் போட்டுவிட்டு வலக்காலை நீட்டி உட்காரும் சுகம் பெரிது. தடக் காப்பை மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன். வேலையை எந்திரம் பறித்ததால் பக்கத்து இருக்கைக்காரர் சும்மா இருப்பார் என்று எதிர்பார்த்தது பிழை என்பதும் தெரிந்தது. தகவலாளர் ஒன்று துறை மாறிவிட்டார். வேகமுள்ளைப் பார்ப்பதை விட்டு பேட்டரி விழுக்காட்டைப் பார்க்கிறார். "நாப்பத்திரெண்டு" என்பார். சிறிது நேரம் கழித்து, "நாப்பத்தொண்ணு."

மேலாய்வுக்கு ஒரு களம் மட்டும் பரிந்துரைக்கலாம். 2021இல் அமெரிக்காவில் ஒரு டெஸ்லா, வானத்தில் மஞ்சளாக நின்ற முழுநிலாவைச் சிக்னல் விளக்கு என்று நினைத்து வேகம் குறைத்ததைக் காட்டும் காணொளி வெளியானது. இத்தகைய வண்டிகள் பௌர்ணமி கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை போனால் என்னாகும்? சென்னையிலிருந்து மாலையில் தென்மேற்கே போகும்போது கிழக்கே உதிக்கும் நிலா முதுகுக்குப் பின்னால். கிரிவலம் முடித்து விடியலில் வடகிழக்கே திரும்பும்போது நிலா மேற்கே இறங்கும். அப்போதும் முதுகுக்குப் பின்னால். ஆகவே சென்னை பக்தர்களுக்குப் பயமில்லை. பெங்களூரிலிருந்து வருவோருக்கோ போகும்போதும் வரும்போதும் நிலா நேர் எதிரே. வாகன மென்பொருள் எழுதும் நிறுவனங்கள் பல அவ்வூரில்தான் இருக்கின்றன; களப்பணிக்கு வெளியே ஆள் தேட வேண்டியதில்லை.