அம்பாசிடர்ப் பாலை: ஒரு திணை ஆய்வு

2014 மே மாதத்தோடு உத்தரபாரா ஆலையில் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் கார்களுள் எஞ்சியவை பாளையம்பட்டி, திருச்சுழி வட்டாரப் புன்செய் நாட்டில் அடையும் நோய்களை ஆராயப் புகுவோர்க்கு, ஆங்கிலக் கைநூல்களைக் காட்டிலும் தொல்காப்பியப் பொருளதிகாரமே தக்க கருவியாகும். இக்கார்கள் நின்றுவிடும் நிலம் பாலை; பெரும்பொழுது வேனில்; சிறுபொழுது நண்பகல்; கருப்பொருள் சீமைக்கருவேலம் (இம்மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது மிகப் பிற்காலத்திலாதலின், அதனைச் சொல்லாது விட்ட தொல்காப்பியரைக் குறை கூறுதல் பொருந்தாது); உரிப்பொருள், ஐயத்துக்கிடமின்றி, பிரிவு.

பிரிவது எர்த் பட்டை. பேட்டரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் திரும்பி வரக் காரில் தனிக் கம்பி இல்லாமையால் இரும்புடலே அவ்வழியாகிறது. இதுவே எர்த் எனப்படும். எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருத்தலின், அதனை உடலோடு சேர்த்துவைப்பது பின்னிய செம்புப் பட்டை ஒன்றே. அது பாசி பூத்துத் தளர்ந்தவிடத்து, செல்ஃப் என்று வழங்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் ‘டொக்’ என்னும் ஒற்றை ஒலியோடு அடங்கிவிட, மின்சாரமோ சோக் கம்பி வழியே களவொழுக்கம் மேற்கொண்டு வீடு திரும்ப முயல்கிறது. சோக் கம்பி சுடுமாயின் அலர் எழுந்துவிட்டது என்று கொள்க.

இந்நோய் தீர்ப்பதில் தட்டுவோர், தள்ளுவோர் என இரு மரபினர் உளர். ஸ்பேனரால் செல்ஃபைத் தட்டுவோர் சிற்சில வேளைகளில் வெல்வது, உள்ளே தேய்ந்து சிக்கிய கார்பன் பிரஷ் அசைந்து இடம் சேர்வதால் மட்டுமே. அவர்களோ அதனைக் கைராசி என்பர். தள்ளுவோர் வெல்வதற்குக் காரணம், செல்ஃப் சுற்ற நூறு ஆம்பியருக்கு மேல் தேவைப்பட, பெட்ரோல் காரின் இக்னிஷன் காயிலுக்கு ஒரு சில ஆம்பியர் போதுமென்பது. இரு மரபாரும் நோக்காத வழி ஒன்றுண்டு: ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றொருவர் உடலோடு இணைந்த பேட்டரி முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும்போது குற்றவாளி அவ்வழியிலேயே இருப்பது தெளிவாகும். பட்டையைக் கழற்றி, அது தொடும் இடங்களை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குவதே மருந்து. காசு செலவில்லாமையால் இம்மருந்துக்கு ஊரில் மதிப்பில்லை.

காருக்குள் சூடேற்றும் கருவி பழுதுபட்டால் என் செய்வது என்னும் குளிர்நாட்டு நூல்களின் நெடிய இயல் இங்கு வேண்டா. அப்பணியை எஞ்சினே இடைத்தகட்டின் வழியாக ஓட்டுநரின் கால்களுக்குச் செய்துவிடுகிறது. இங்குள்ள வெப்பநோய் ரேடியேட்டர் கொதித்தல். ஆழ்குழாயின் உப்புநீரை ஊற்றி ஊற்றி மெல்லிய குழாய்களில் காறை படியவிட்டபின், எண்பது டிகிரியை ஒட்டித் திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வைப் பழித்து, அதனைக் கழற்றி எறிதல் இவ்வட்டாரத்து வழக்கு. நிரபராதிக்குத் தண்டனை என்பதன்றி இதனால் விளைந்த பயன் இல்லை. காறையை நீக்கி, ஃபேன் பெல்ட்டை இறுக்கி, மழைநீரோ வடித்த நீரோ கூலன்ட்டுடன் கலந்து ஊற்றுதலே முறை.

நூறு டிகிரியைக் கடந்தும் உள்ளிருக்கும் நீர் கொதியாமல் நிற்பது மூடி தாங்கும் அழுத்தத்தினால் ஆதலின், கை பொறுக்கும் அளவுக்கு ரேடியேட்டர் ஆறும்வரை எவரும் அம்மூடியைத் திறக்க வேண்டா.