மழை பெய்தால் டிஷ்ஷுக்குப் பேரில்லை

இலங்கையில் வாக்களிக்க உரிமை இல்லாதவனுக்கும் ரேடியோ கேட்க உரிமை இருந்தது. தபால் கந்தோரில் காசு கட்டி, பெயர் எழுதி, முத்திரை குத்தி வாங்கிய உரிமை அது. 1948இல் எங்களைப் போன்ற தோட்டத் தமிழருக்குக் குடியுரிமையும் அடுத்த வருஷம் வாக்கும் பறிபோன பிறகு, தெஹியோவிட்டப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அரசாங்க முத்திரையோடு ஒரு மனிதனின் பெயர் இருந்த காகிதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிறப்புப் பத்திரம், அரிசிக் கூப்பன், அப்புறம் இந்த ரேடியோ லைசன்ஸ். தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தில் அதை வைத்திருந்தவர் கோடிக் காம்பராவில், அதாவது கடைசி அறையில், இருந்த பெரியப்பா. நீ இந்த நாட்டுக்காரன் இல்லை என்று அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும் என்று இன்னொன்று வந்தது. இரண்டையும் ஒரே தகரப் பெட்டியில்தான் வைத்திருந்தார். அந்நியனாக இருந்தால் என்ன, பாட்டுக் கேட்டால் காசு கட்டத்தானே வேண்டும்!

பெரியப்பாவை இப்போது இழுப்பதற்குக் காரணம் என் தங்கை மகன். அவிசாவளையில் சீதாவாக்கை ஏற்றுமதி வலயத்து ஃபேக்டரி ஒன்றில் வேலை செய்கிறான். தோட்டத்து வீட்டில் என் அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள். கூரையில் ஒரு டிஷ் இருக்கிறது. அதற்கு மாசா மாசம் காசு கட்டினால் டீவியோடு பாட்டு மட்டும் போடுகிற சேனல்களும் வரும். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் படம் வேண்டாம், சத்தம் போதும். "மாமா, அம்மாயிக்காகத்தான் கேக்குறேன். மாசா மாசம் கட்டுறது லாபமா நட்டமா? நீங்கதான் கணக்குப் பாத்துச் சொல்லணும்" என்றான். ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் குடும்பம் கேட்கிற ஆலோசனை இந்த ரகத்தில்தான் வரும்.

லாபமா நட்டமா என்ற கேள்வியைப் பெரியப்பா ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு அந்தக் கணக்கே வேறு. லைசன்ஸ் ஒன்று, பெட்டி ஒன்று, காது எத்தனை என்பதற்கு வரம்பில்லை. பத்துக் காம்பரா லயம் முழுக்க அவர் வாசல் திண்ணையில் இருந்துதான் கேட்டது. காற்று அந்தப் பக்கம் அடித்தால் கீழ் லயமும் கேட்டது. ஏரியல் என்பது பலா மரத்துக்கும் கூரை முகட்டுக்கும் நடுவே இழுத்த செப்புக் கம்பி. அதில் துணி காயப் போட்டதற்காக இரண்டு வீட்டுப் பெண்கள் ஒரு வருஷம் பேசாமல் இருந்தார்கள்.

செலவு பேட்டரிக் கட்டைக்குத்தான். அதையும் அவர் தனியாகச் சுமக்கவில்லை. சம்பள நாளுக்குச் சம்பள நாள் வீட்டு முறை வைத்துக் கட்டை வாங்கினார்கள். சம்பளத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாட்டு தேய ஆரம்பிக்கும், சுசீலாவின் குரல் மெல்ல மெல்லக் கிசுகிசுப்பாகும். உடனே கட்டைகளைக் கழற்றித் தகரக் கூரையில் வெயிலுக்கு வைப்போம். சிவப்புச் சட்டை போட்ட எவரெடிக் கட்டைகள் வரிசையாகக் கிடக்கும். காக்கா தூக்காமல் பார்ப்பது சின்னப் பிள்ளைகள் வேலை. சூடேறியதும் போட்டால் ஒரு அரைமணி நேரம் புது மாப்பிள்ளை மாதிரிப் பாடும், பிறகு படுத்துவிடும். அந்த அரைமணி நேரத்துக்குள் செய்தியா பாட்டா என்று பெரியவர்களுக்கும் இளசுகளுக்கும் சண்டை. எந்தக் காலத்திலும் செய்தி ஜெயித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பாட்டு எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு வேடிக்கை. 1952இல் இந்திய மந்திரி கேஸ்கர், சினிமாப் பாட்டு தேசத்தைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார். ரேடியோ சிலோனின் வர்த்தக ஒலிபரப்பு 1950இலேயே தொடங்கியிருந்தது. இந்தியாவில் கதவைச் சாத்தியதும் பாட்டும் விளம்பரமும் கொழும்புக்கு வந்து இறங்கின. தமிழ்நாட்டுச் சினிமாப் பாட்டைத் தமிழ்நாட்டுக்காரனே இலங்கை வானொலியில் கேட்டான். ஐந்து வருஷம் கழித்து விவித பாரதியைத் தொடங்கித்தான் டெல்லி சமாளித்தது. தமிழில் எஸ்.பி. மயில்வாகனனில் தொடங்கி, கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று அந்தக் குரல்களை எங்கள் தோட்டத்தில் உறவுமுறை சொல்லாத குறையாகத்தான் கேட்டார்கள். ராஜா பேசுகிற வேகத்தில் பேசிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்ட பையன்கள் உண்டு.

காசு கட்டினால் விளம்பரம் இல்லாமல் கேட்கலாம் என்பதுதான் இன்றைக்கு விற்கிறவர்கள் சொல்லும் பெரிய கவர்ச்சி. பெரியப்பா காலத்தில் விளம்பரத்தை எடுத்திருந்தால் லயமே சண்டைக்குப் போயிருக்கும். சவர்க்காரப் பாட்டும் பெயின்ட் பாட்டும் சினிமாப் பாட்டுக்குச் சமமாக மனப்பாடம். வாங்கும் சக்தி இல்லாதவனுக்கு விளம்பரம் ஒரு கதைதான், அதைப் பணம் கொடுத்து நிறுத்தச் சொல்வானா?

நேயர் விருப்பத்துக்குப் போஸ்ட்கார்டு எழுதுவது பெரிய காரியம். எழுதினவன் நேரே தபாலில் போட முடியாது. தோட்டத்துத் தப்பால்காரர் பையில் போட்டால், அது ஆபீஸ் வழியாகப் போகும், போகிற வழியில் கணக்கப்பிள்ளை படிப்பார். "யாருடா அந்தச் சரோஜா, அவளுக்கு எதுக்குடா இந்தப் பாட்டு?" என்று மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் கேட்பார். அப்படியும் எழுதினார்கள். அறிவிப்பாளர் வாயில் ஊர் பேரும் தோட்டத்துப் பேரும் வந்தால், சாயந்தரம் வரை அவன் நடக்கும் நடையே வேறு.

தோட்டத்தின் பேர் தவறாமல் வானொலியில் ஒலித்த இடம் இன்னொன்று உண்டு. மரண அறிவித்தல். இறந்தவர் பெயர், வயது, யாருடைய மகன், யாருடைய தகப்பன், எத்தனை மணிக்கு எந்தத் தோட்டத்தில் அடக்கம் எல்லாம் சொல்வார்கள். இறக்குவானையில் செத்தால் எட்டியாந்தோட்டையில் இருக்கும் தங்கச்சிக்குத் தந்தி போய்ச் சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிடும். வானொலியில் சொன்னால் கேட்டவன் யாராவது ஓடிப்போய்ச் சொல்வான். பால் வெட்டிக்கொண்டிருந்தவளை மலையில் போய்க் கூப்பிட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். கையில் கத்தி அப்படியே இருந்தது. ரேடியோ வைத்திருப்பது லாபமா நட்டமா என்று அவளிடம் யாரும் கேட்டிருக்க முடியாது.

இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் போனார்கள். பெரியப்பாவின் மூத்த மகள் குடும்பம் நீலகிரியில், தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டத்தில் போய் விழுந்தது. அங்கிருந்து வந்த கடிதங்களில் சம்பளம் பற்றி ஒரு வரி, குளிர் பற்றி ஒரு வரி, "ரேடியோவுல நம்ம தோட்டத்துப் பேரு வந்துச்சு" என்று மூன்று வரி. சொந்த நாட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று இரண்டு அரசாங்கமும் கோப்பை மூடிவிட்டன. போனவர்கள் ராத்திரியில் சிற்றலையைத் திருகி இலங்கையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இனி டிஷ். பூமியைச் சுற்றி நிற்கிற மாதிரி மேலே மூன்று நிலையங்களை வைத்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று 1945இல் ஒரு பத்திரிகையில் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கைவாசி. 1975இல் இந்தியக் கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே டெலிவிஷன் காட்டிய 'சைட்' திட்டத்தின்போது, இஸ்ரோ பொறியியலாளர்கள் கொழும்பில் அவர் வீட்டிலும் ஒரு பெரிய டிஷ்ஷைப் பொருத்திக் கொடுத்தார்கள். நாட்டில் அப்போது டெலிவிஷனே இல்லை, வந்தது 1979இல். ஆக அந்த வருஷம் ஆகாயத்தில் இருந்து படம் அவர் வீட்டில் இறங்கியது. தோட்டங்களில் அதே காலம் பஞ்ச காலம். மரவள்ளிக் கிழங்குக்கும் வழியில்லாமல் ஜனங்கள் செத்த காலம். இன்றைக்கு எங்கள் லயத்தில் கூரைத் தகரம் ஒழுகாத வீடு இல்லை, டிஷ் இல்லாத வீடும் இல்லை. கிளார்க் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், ஒழுகலைப் பற்றி என்ன சொல்லியிருப்பாரோ.

செயற்கைக்கோள் வானொலி என்று தனியாகவே ஒன்று நம் பக்கம் வந்து போனது பலருக்கு ஞாபகம் இருக்காது. வேர்ல்ட்ஸ்பேஸ். 2000 மார்ச்சில் ஏசியாஸ்டார் என்ற கோளை மேலே அனுப்பினார்கள். இந்தியாவில் ஏ.ஆர். ரஹ்மானை வைத்து விளம்பரம் செய்தார்கள். கர்நாடக சங்கீதத்துக்கென்றே 'ஸ்ருதி' என்று ஒரு சேனல், இருபத்துநாலு மணி நேரமும். சென்னையில் இருந்த என் நண்பர் அதன் பக்தர். எனக்கும் ஒரு ஆசை வந்து மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்டிக்குத் தனி விலை, வருஷச் சந்தா தனி, அதோடு புத்தகம் அளவு ஒரு தட்டை ஆன்டெனாவைக் கோள் இருக்கும் திசைக்கு மறைப்பில்லாமல் காட்ட வேண்டும். ரப்பர் தோட்டத்தில் மறைப்பில்லாத ஆகாயத்துக்கு எங்கே போவது? அதோடு விட்டேன். 2008 அக்டோபரில் அந்தக் கம்பெனி திவால் மனுப் போட்டது, 2009 டிசம்பர் 31ஆம் தேதியோடு இந்தியாவில் சேவை நின்றது. அதே 2008இல் அமெரிக்காவில் சிரியஸும் எக்ஸ்எம்மும் ஒன்றாகி இன்றுவரை ஓடுகின்றன. அங்கே அது காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு ஆள், ஒரு கார், ஒரு சந்தா. நம் ஊரில் ஒரு பஸ்ஸுக்குள் நூறு பேர், பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் டிரைவர்.

தங்கை மகனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே. தோட்டத்தில் கணக்கு என்றால் பேர்க் கணக்குத்தான்; ஒரு நாள் வேலை ஒரு பேர். 2024 செப்டம்பரில் நாள் சம்பளம் 1,350 ரூபாயானது. மாதச் சந்தாவைப் பேராக மாற்றினால், தங்கை ஒன்றிரண்டு விடியல் இருட்டில் எழுந்து டார்ச் கட்டிக்கொண்டு மலையேறிப் பால் வெட்டினால் தீர்ந்தது. அது பெரிய பாரம் இல்லை, கட்டலாம் என்றுதான் முதலில் சொல்ல இருந்தேன்.

ஆனால் மழை இருக்கிறதே. இரத்தினபுரி, கேகாலை பக்கம் வாழாதவர்களுக்கு மழை என்றால் ஒரு பருவம். எங்களுக்கு அது ஒரு முதலாளி. இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மரப்பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. பால் காடி வழியே சிரட்டைக்கு இறங்காமல் பட்டை மேலெல்லாம் வழிந்து வீணாகும். மழைக்குப் பொலித்தீன் பாவாடை கட்டின மரங்கள் உண்டு, எல்லா மரத்துக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. ஆக மழை நாள் என்றால் அரைப்பேர், அல்லது பேரே இல்லை. எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். பாட்டுக் கேட்க அதைவிட நல்ல நேரம் உண்டா?

டிஷ் அந்த நேரம் பார்த்துத்தான் கண்ணை மூடும். இந்த டிஷ்களுக்கு வரும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். கனத்த மழைத்துளிகள் அதைக் குடித்துவிடும். பெரியப்பாவின் மத்திய அலை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளம், அதற்கு மழை ஒரு பொருட்டே இல்லை. இடி மின்னலுக்குக் கரகரக்கும், ஏப்ரல் சாயந்தரங்களில் ஏரியலைக் கழற்றாவிட்டால் பெட்டியே போய்விடும், அது உண்மை. ஆனால் 'சிக்னல் இல்லை' என்று நீல நிறத்தில் எழுதிக் காட்டிவிட்டு மௌனமாக இருந்ததில்லை. வெயில் அடிக்கும் மாதங்களுக்கு மட்டும் கட்டலாமே என்றால், ஜனவரி பெப்ரவரியில்தான் வெயில். அப்போதுதான் ரப்பர் மரம் இலை கொட்டும். பாலும் குறையும், பேரும் குறையும். படம் தெளிவாக வரும் மாதத்தில் காசு இருக்காது.

இதையெல்லாம் நான் வாத்தியார் தோரணையில் அலைநீளம் வரைக்கும் விளக்கினேன். பையன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். அம்மா, "கரண்ட் ரேடியோ ஒன்னு வாங்கிக் குடுங்கடா, சூரியன் எஃப்.எம்.ல பாட்டுப் போடுறான், அதுக்கு ஒருத்தனும் காசு கேக்கல" என்றார். பையனுக்கு அது கௌரவக் குறைச்சல். பேசிப் பேசி, ஜூன் மாதத்துக்கு மட்டும் கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. தென்மேற்குப் பருவ மழை கொட்டுகிற மாதம்! என்னிடம் கேட்டிருக்கவே வேண்டாம்.

தங்கை மட்டும் ஒரு காரியம் செய்தாள். அடுப்பங்கரைச் சுவரில் தொங்கும் காலண்டரில் தன் பேரைக் குறித்து வைப்பது அவள் வழக்கம், மாசக் கடைசியில் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலோடு ஒத்துப் பார்க்க. அந்த மாதம் அதே கட்டங்களில், தன் குறிக்குக் கீழே டிஷ்ஷுக்கும் குறித்தாள். நாள் முழுக்கப் பாடினால் முழுப்பேர், மத்தியானத்தோடு நின்றால் அரைப்பேர், காலையிலேயே நீலத்திரை என்றால் பேரில்லை. மாசம் முடிந்ததும் கூட்டிப் பார்த்தோம். மழையில் அவளுக்கே குறைவாகத்தான் பேர் விழுந்திருந்தது, டிஷ்ஷுக்கு அதைவிடக் குறைவு.

"எனக்கு மழைக்குப் புடிச்சிக்கிட்டாங்க. இவன் மட்டும் முழுச் சம்பளம் வாங்கிட்டானே, அண்ணே" என்றாள். "மேல உக்காந்திருக்கான்ல, துரைமாரு வேலை."

பையன் ஜூலைக்கும் கட்டிவிட்டான். தன் காசு என்கிறான்.