மூணு மூளைப் பலகையும் ஒரு போர்வெல் மோட்டாரும்

அப்பு, கூரியர்ல வந்த பலகையைப் பிரிச்சுட்டியாமுல்ல. எஸ்டிஎம்32எம்பி157 டிஸ்கவரி கிட்டு. பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கு வாயில வெத்திலை தீந்துபோச்சு.

உள்ள 650 மெகாஹெர்ட்ஸ்ல ரெண்டு கார்ட்டெக்ஸ் ஏ7, கூட 209 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு பொடியன் எம்4. இத்தனை மூளையும் என்ன செய்யப் போகுது? அறந்தாங்கி கரண்டுல ஒரு பேஸ் போனா நம்ம போர்வெல் மோட்டாரை நிறுத்தப் போகுது. அதுக்குச் சின்ன மைக்ரோகண்ட்ரோலர் ஒண்ணு பத்தாதான்னு நான் கேக்க மாட்டேன். படிச்ச புள்ளை, மனசு வருத்தப்படும்.

யோக்டோ போட்டுச் சொந்தமா லினக்ஸ் கட்டப்போறேன்னு உங்க அப்பத்தாக்கிட்ட சொன்னியாம். அவளும் ஏதோ மாடிவீடுன்னு நெனச்சுக்கிட்டா. கட்டு, வேணாங்கல. டிஸ்க்குல நூறு ஜிபிக்கு மேல காலி பண்ணு, விடிய விடிய கரண்டு போகக் கூடாதுன்னு வீரமாகாளியம்மனுக்கு நேந்துக்க. அதுக்கு முந்தி கம்பெனிக்காரன் கட்டி வச்சிருக்கிற ஸ்டார்ட்டர் இமேஜை மெமரி கார்டுல எழுதிப் போடு. கௌரவம் ஒண்ணும் கொறஞ்சுறாது.

அடாப்டர் 5 வோல்ட்டு, 3 ஆம்பியர். வீட்ல கெடக்குற பழைய போன் சார்ஜரை மாட்டிட்டு, ‘ஐயா, பலகை கெட்டுப்போச்சு’ன்னு வந்து நிக்காதே. மைக்ரோ யுஎஸ்பி ஒயரை லேப்டாப்புல சொருகி, 115200 வேகத்துல டெர்மினலைத் திற. மொதல்ல டிஎஃப்-ஏ பேசும், அப்புறம் யூ-பூட், அதுக்கப்புறம் கெர்னல். யாரு பேசுறப்ப பேச்சு நிக்குதோ அங்கதான் கோளாறு. திரையில படம் வரலையேன்னு பலகையைத் திருப்பித் திருப்பிப் பாக்குறவன், பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

லினக்ஸு நல்ல பயதான். ஆனா ‘இந்த மில்லிசெகண்டுக்குள்ள பாருடா’ன்னா, ‘இருங்கய்யா, கையில வேலை இருக்கு’ம்பான். 2024 நவம்பர்ல 6.12 கெர்னலோட, சொன்ன நேரத்துக்குள்ள வேலையைப் பாக்க வைக்கிற பிரீஎம்ப்ட்-ஆர்டி சேந்துச்சு, சந்தோசம். அப்பவும் 32 பிட் ஆர்மை வாசல்லயே நிறுத்திட்டாங்க. உன் ஏ7 அந்தக் கூட்டம். அதனால பேஸைக் கண்காணிக்கிற வேலையை எம்4-கிட்ட குடு. போனுக்குச் சேதி அனுப்புறது, கணக்கு எழுதுறது ஏ7 பாடு. சென்னை ஐஐடியில சக்தி சிப்பு செஞ்சவங்களே, சின்ன வேலைக்கு ஈ வகுப்பு, லினக்ஸுக்கு சி வகுப்புன்னு பிரிச்சுத்தான் வச்சாங்க.

எம்4 நிரலை லிப்-ஃபர்ம்வேர் அடைவுல போட்டு, ரிமோட்புராக் ஸ்டேட் கோப்புல ‘ஸ்டார்ட்’னு எழுதுனா எந்திரிச்சு ஓடும். அதுக்கு முன்னாடி டைமர் யாருக்கு, ஏடிசி யாருக்குன்னு டிவைஸ் ட்ரீயில எழுதி வச்சிரு. கல்லணைக் கால்வாய் கடைமடையில ஒரே மடைக்கு ரெண்டு பேரு மம்பட்டியோட நின்னா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியும். இங்க மண்டை ஒடையாது, ரீடிங்தான் தப்பா வரும்.

கரண்டு பட்டுன்னு போனா மெமரி கார்டு குழம்பும். ரூட் ஃபைல்சிஸ்டத்தைப் படிக்க மட்டும்னு பூட்டிடு. 415 வோல்ட்டை நேரா பின்னுல காட்டுறவனுக்கு நான் ஐயாவே இல்ல. நடுவுல ஆப்டோகப்ளர் வேணும்.

மொதல்ல காண்டாக்டருக்குப் பதிலா ஒரு பல்பை மாட்டு. மெயினை ஆஃப் பண்ணிட்டு ஒரு பேஸோட ஃப்யூஸைக் கழட்டு, மறுபடி ஆன் பண்ணு. பல்பு எரியாம இருந்தா என்னைக் கூப்பிடு, மோட்டாரை மாட்டலாம். எரிஞ்சா, மோட்டார் பக்கமே போகாதே. நம்ம கடையில வைண்டிங் கூலி பேரனுக்கும் ஒரே ரேட்டுதான்.