ரெண்டு ஊருக்கு ஒரே நேரத்துல போற வண்டி

வாடா தம்பி. நீ மோட்டார்ல வர்ற அழகை மேட்டுல இருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். முன்சக்கரம் ரிங்லெட் கடைத்தெருவுக்கு வருது, பின்சக்கரம் ஹாபு பக்கம் திரும்பி 'போ' தேயிலைத் தோட்டத்துக்குப் போகணும்னு அடம் பிடிக்குது. ஒரே எண்ணெய்ச் செலவுல ரெண்டு ஊருக்குப் போற வித்தை உனக்கு மட்டும்தான் வாய்ச்சிருக்கு.

ரோட்டைத் திட்டுறியா? நல்லாத் திட்டு. தாப்பாவுல இருந்து நம்ம ஊருக்கு 59-ஆம் நம்பர் ரோட்டுல சுமார் 45 கிலோமீட்டர், வளைவுக்கா பஞ்சம்? காய்கறி லாரிக்காரனையும் சேர்த்துத் திட்டு, அவன் காதுல விழவா போகுது. வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு புது டயர் போட்டே, எக்ஸோஸ் மாத்தினே, ஸ்டிக்கர் ஒட்டினே. அந்த ஸ்டிக்கர் மட்டும் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு. கெட்டிக்காரன்டா நீ.

போன வாரம் செயினை நீயே இறுக்கினியாமே. "கோடு பார்த்துத்தான் தாத்தா வச்சேன்"ங்கிறே. பின்சக்கரத்தைத் தாங்குற கை ரெண்டுலயும் கோடு கோடா வெட்டியிருக்கே, அதைச் சொல்றே. ரெண்டு பக்கமும் அந்தக் கோடு ஒரே இடத்துலதான் இருக்கும்னு யாரு உனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தது? 1958-ல ஜப்பான்ல பொறந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டிக்கு உன் இ.எக்ஸ்.5 பேரப்பிள்ளை. வம்சம் நல்ல வம்சம்தான், ஒத்துக்கிறேன். ஆனா நீ வாங்கினது எத்தனை கை மாறி, எத்தனை கான்ல விழுந்து எழுந்த பேரப்பிள்ளை?

1929-ல ரஸ்ஸல் துரை 'போ' தோட்டத்தைத் திறந்தப்ப ஒத்தை நீராவி ரோலரும் கொஞ்சம் கோவேறு கழுதையும்தான் இருந்துச்சுன்னு சொல்வாங்க. கழுதைக்குப் பின்கால் கோணினா அது அங்கேயே நின்னுடும், ஒரு அடி நகராது. உன் மோட்டாருக்கு அந்த அறிவு கிடையாது, கோணிக்கிட்டே ஓடும். செயின் சாய்ஞ்சு இழுக்கும், ஸ்ப்ரோக்கெட் பல்லு ஒரு பக்கமாத் தேயும். மூடி போட்ட செயின்ங்கிறதால தேயுறது உன் கண்ணுக்குத் தெரியாது, பில்லு வரும்போதுதான் தெரியும்.

அவசரம் ஒண்ணும் இல்லை. சுத்தமா நேராக்கிட்டா அப்புறம் எதைத் திட்டுவே? இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

நடு ஸ்டாண்டைப் போடு. ஆக்சில் நட்டைத் தளர்த்து. ஸ்ப்ரோக்கெட் பக்கம் ஸ்லீவ் நட்டுன்னு இன்னொண்ணு இருக்கு. அதைத் தளர்த்தாம அட்ஜஸ்டரை முறுக்கினா சக்கரம் நகராது, திருகுதான் போகும். ரெண்டு பக்க அட்ஜஸ்டரையும் கொஞ்சம் கொஞ்சமா, சமமாத் திருப்பு. செயின் மூடியில இருக்கிற ரப்பர் அடைப்பைக் கழட்டி விரலால தூக்கிப் பாரு. மூணு சென்டி போல ஆடணும். தந்தி மாதிரி விறைச்சு நின்னா பெருமைப்படாதே, பேரிங் அழும்.

இப்ப கோட்டை மறந்துடு. பின்சக்கரத்தைத் தாங்குற அந்தக் கை முன்னால மாட்டியிருக்கிற போல்ட்டு நடுவுல இருந்து ஆக்சில் நடுவு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் பிடிச்சு அள. அளவு ஒண்ணா வரணும். அதுலயும் நம்பிக்கை இல்லையா, தக்காளிச் செடிக்குக் கட்டுற நைலான் கயிறை எடு. பின்டயரைச் சுத்தி ரெண்டு பக்கமும் முன்னால இழுத்துக் கட்டு; பின்டயரோட முன்விளிம்பைத் தொட்டும் தொடாம கயிறு போகணும், ஸ்டாண்டு காலுல உரசக் கூடாது. ஹேண்டிலை நேரா வை. உன் முன்டயர் 2.25, பின்டயர் 2.50. அதனால முன்டயருக்கு ரெண்டு பக்கமும் மூணு மில்லி போல இடைவெளி தெரியணும். ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் விரல் நுழைஞ்சா அட்ஜஸ்டரைத் தொடு. என்ன திருப்பினாலும் சரியா வரலேன்னா அந்தக் கையே வளைஞ்சிருக்கு. வொர்க்ஷாப்புக்குத் தள்ளிக்கிட்டுப் போ. நட்டை இறுக்கும்போது சக்கரம் திருட்டுத்தனமா நகரும், இறுக்கின பிறகு இன்னொரு தடவை அளந்து பாரு.

கடைசியா ஒண்ணு, இதுல மட்டும் விளையாட்டு வேண்டாம். சக்கரம் பின்னால போனா பிரேக் கம்பி இழுபடும். அதைத் தளர்த்தி விடாம தாப்பா பக்கம் இறங்கினா, பிரேக்கு உள்ள உரசிக்கிட்டே வந்து சூடேறி, உனக்கு வேணும்கிற வளைவுல பிடிக்காது. பின்சக்கரத்தைக் கையால சுத்திவிட்டு, தாராளமாச் சுத்துதான்னு பார்த்துட்டுத்தான் வண்டியில ஏறணும்.

கயிறு என்கிட்ட இருக்கு, ஸ்பானரும் இருக்கு. எடுத்துக்கிட்டுப் போ. போன தடவை கொண்டு போன ஸ்க்ரூ டிரைவரையும் சேர்த்துக் கொண்டாந்து கொடுத்துடு.