வீட்டு பீர் அண்டாவின் கொள்ளளவு: கல்லாற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

எந்த ஆய்வும் சொல்லாராய்ச்சியில் தொடங்க வேண்டும் என்பது விதி. பீர் காய்ச்சுகிறவர்கள் ‘கெட்டில்’ என்று சொல்வது டீக்கடையில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் கெட்டிலை அல்ல, கல்யாண வீட்டு அண்டாவை. இதை ஒரே வரியில் சொல்லிவிட முடிகிறது என்பதாலேயே முனைவர் பட்டத்துக்கு இது போதாது. ‘கெட்டில்’ என்பது ‘கெட்டி’ என்ற தமிழ்ச் சொல்லின் திரிபே என்று நிறுவ நாற்பது பக்கமாவது வேண்டும். அந்த நாற்பது பக்கத்தை எழுத ஆள் கிடைப்பதில் தமிழகத்தில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை.

அடுத்து, களம். கல்லாறுகள் பல. மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, நீலகிரி மலை ரயில் பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்கும் கல்லாறு ஒன்று. இங்கே எடுத்துக்கொண்டது திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுராவைக் கடந்து பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அடியில் இருக்கும் கல்லாறு. இரண்டையும் குழப்பி எழுதிய கட்டுரை எங்காவது இருந்தால், அது இந்நேரம் பலரால் மேற்கோள் காட்டப்பட்டிருக்கும்.

அண்டாக்கள் மூவகைப்படும்: சிறியது, பெரியது, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது. மூன்றாவது வகையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அது திரும்பிப் போகாது.

வீட்டில் காய்ச்சுகிறவர்களின் வழக்கமான கணக்கு ஓர் ஈட்டுக்கு 5 அமெரிக்க காலன், ஏறத்தாழ 19 லிட்டர். மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாறு ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்க வேண்டும். அதற்குள் மூன்று நான்கு லிட்டர் ஆவியாகப் போய்விடும். அடியில் தங்கும் வண்டலோடு இன்னும் ஓரிரு லிட்டர் போகும். ஆக, அடுப்பில் ஏற்றும்போது 24, 25 லிட்டர். நுரை எழும்ப இடம் விட்டால் 30 முதல் 38 லிட்டர் வரை பிடிக்கும் அண்டா வேண்டும். அவ்வளவு பெரிதாக இல்லாதவர் மால்ட் சத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் காய்ச்சிவிட்டு, பிறகு பச்சைத் தண்ணீர் விளாவிக்கொள்ளலாம். 15 லிட்டர் பாத்திரம் போதும்.

ஆய்வு இத்துடன் முடிந்தது. ஆய்வுக் கட்டுரை முடியவில்லை, பக்கம் போதாது.

எனவே நுரையியல். சாறு கொதிநிலையைத் தொடும் தறுவாயில் அதிலுள்ள புரதம் திரண்டு நுரையாக எழும்பும். ஹாப்ஸ் பூவை அள்ளிப் போடும் நொடியில் இன்னொரு முறை எழும்பும். ஒரு கணம் ஜன்னல் பக்கம் திரும்பினால் போதும்: அடுப்பு அணைந்திருக்கும், தரையெல்லாம் பிசுபிசுக்கும். அண்டாவின் மேல்பாகத்தைக் காலியாக விடுவது இதற்காகத்தான். பால் காய்ச்சத் தெரிந்த எவருக்கும் இது தெரியும் (அத்தை, வாய்மொழி, அடுப்படி).

ஆனால் இதே மாவட்டத்தில், ஆற்றுகாலில், ஒவ்வொரு கும்ப மாதமும் லட்சக்கணக்கான பெண்கள் அம்மனுக்குப் பொங்கலிடத் தெருவோரம் அடுப்புக் கூட்டிப் பானை ஏற்றுவது அது பொங்கி வழிவதற்காகவே. அங்கே காலியிடம் விட்டால் கஞ்சத்தனம் (மேற்படி அத்தை, திருத்திய இரண்டாம் பதிப்பு, மாமா வெளியே போனபின் சொன்னது). 1997-இல் 15 லட்சம் பெண்கள் கூடியதைக் கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. 2009-இல் அந்தக் கணக்கு 25 லட்சமானது.

கின்னஸ் யார்? டப்ளின் பீர்க் கம்பெனி. 1951-இல் அயர்லாந்தில் வேட்டைக்குப் போன அதன் நிர்வாக இயக்குநர் ஹியூ பீவர், ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறக்கும் வேட்டைப் பறவை எது என்ற தர்க்கத்தில் மாட்டிக்கொண்டார். எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. 1955-இல் முதல் சாதனைப் புத்தகம் வந்தது. ஆற்றுகால் முதலில் இடம்பிடித்தபோதும் புத்தகம் பீர்க் கம்பெனியின் கையில்தான் இருந்தது. ஒரு சொட்டும் வழியக் கூடாது என்று பிழைக்கும் தொழில், வழிந்தே தீர வேண்டிய பானைகளுக்குச் சான்று கொடுத்திருக்கிறது. இதை யாரும் கவனிக்காததற்குத்தான் ‘ஆய்வு இடைவெளி’ என்று பெயர்.

கல்லியலுக்கு வருவோம். ஊர்ப் பெயரிலேயே கல் இருக்கிறது. ஆற்றிலும் வழுவழுப்பான உருண்டைக் கல் நிறைய. நுரையை அடக்க அண்டாவுக்குள் கண்ணாடிக் கோலிகளைப் போடுகிறவர்கள் வெளிநாடுகளில் உண்டு. ஆஸ்திரியாவின் கரிந்தியாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மரத்தொட்டியை அடுப்பில் வைக்க முடியாதே? கல்லைப் பழுக்கக் காய்ச்சிச் சாற்றுக்குள் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். அதற்குப் பெயரே ‘ஷ்டைன்பியர்’, கல் பீர். மூன்று லிட்டர் இடத்தைக் கல் அடைத்தால் தொட்டியும் மூன்று லிட்டர் பெரிதாக வேண்டும். இதைச் சொல்ல ஆர்க்கிமிடீஸ் தேவையில்லை. ஆனால் அவரை மேற்கோள் காட்டாவிட்டால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உடனே கல்லாற்றுக்குச் சாக்குப் பையோடு கிளம்பும் ஆய்வு மாணவருக்கு ஓர் எச்சரிக்கை. ஆற்றுக் கல்லின் நுண்துளைகளில் நீர் தங்கியிருக்கும். நெருப்பில் போட்டால் ஆவி முட்டி, கல் வெடித்துச் சிதறக்கூடும் (அத்தையின் ஓரகத்தி, கைப்பிரதி, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம், காபிக் கறைக்கு மேல் மூன்றாம் வரி, கறைக்குக் கீழே மாற்றுப் பாடம் உண்டு, கறை பிற்காலத்து இடைச்செருகல் என்பாரும் உளர்).

உயரமும் ஒரு காரணி. பொன்முடி சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குவதால், மேலே தண்ணீர் 96 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அடிவாரக் கல்லாற்றிலிருந்து எண்ணினால், தோராயமாக வளைவுக்கு ஏழில் ஒரு டிகிரி. எந்த வளைவில் அடுப்பு வைப்பது என்பதில் 22 முனைவர் பட்டங்களுக்கு இடமிருக்கிறது. நெறியாளர் ஒருவரே போதும், முடிவுரையும் ஒன்றே போதும்.

கடைசியாக, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒரு சிறு செய்தி. பிரிட்டனில் 1963 முதல் உரிமம் இல்லாமலே வீட்டில் பீர் காய்ச்சலாம். அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழிவிட்டது. கேரளத்தில் கொல்லம் ஆண்டு 1077-இன் அப்காரிச் சட்டம் நடப்பில் இருக்கிறது. உரிமமின்றி மது தயாரித்தால் பத்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஆகவே கல்லாற்றில் வீட்டு பீருக்கு உகந்த அண்டாவின் கொள்ளளவு சுழியம் லிட்டர்.

ஏற்கெனவே 38 லிட்டர் அண்டா வாங்கிவிட்டவர்கள் ஓணத்துக்குப் பருப்புப் பாயசம் வைக்கலாம். முக்கால் அண்டாவுக்கு மேல் போக வேண்டாம். தேங்காயின் முதல் பாலை ஊற்றியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள்.