நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?

தேசிய நெடுஞ்சாலை 7 என்ற பெயர் 44 ஆக மாறுவதற்கு முன்னால், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற பஸ் குருபரப்பள்ளியில் நின்றால், இறங்குகிறவர் யார், எந்தப் பக்கம் நடக்கப்போகிறார், நேரே கடைக்கு வருவாரா இல்லை பழைய பாக்கியை நினைத்துச் சாலையின் அந்தப் பக்கமாகவே போய்விடுவாரா என்பதையெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார் என் அப்பா. ஆள் தெலுங்கா கன்னடமா என்று பார்த்து, அந்தப் பாஷையிலேயே எருமை ஈன்றுவிட்டதா, மகளுக்கு வரன் அமைந்ததா என்று விசாரிப்பார். நானோ சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் பி.காம் புத்தகத்தை விரித்துக்கொண்டு, இந்த மனிதர் பேச்சைக் குறைத்தால் வியாபாரம் இரண்டு மடங்காகும் என்று உள்ளூர ஒரு பொருளாதாரக் கொள்கையே வகுத்து வைத்திருந்தேன். மடிப்புக் கலையாத சட்டை வேறு. நீங்களும் அந்த வயதில் உங்கள் அப்பாவைப் பற்றி இப்படி ஏதாவது நினைத்துத்தான் இருப்பீர்கள்.

கடன் நோட்டில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. 'கிணத்து மேட்டு ஆயா', 'வேப்பமரத்து வீடு', 'கண்ணாடி வாத்தியார்' என்றுதான் இருக்கும். சித்திரை வைகாசியில் அந்த நோட்டு வீங்கும்; பெங்களூரா மாங்காய் கூழ் ஆலைக்குப் போய்ப் பணம் கைக்கு வந்ததும் வடியும். எந்த மாதம் எந்த வீட்டில் நல்லெண்ணெய், எந்த மாதம் கடலை எண்ணெய் என்பது அதிலேயே இருந்தது. ரெண்டு வாரம் ஒருவர் வரவில்லை என்றால் அப்பாவுக்குத் தூக்கம் வராது. பாக்கிக்காக அல்ல, வேறு கடைக்குப் போனாரா, போனால் எதற்காகப் போனார் என்று தெரிந்தாக வேண்டும்.

வாங்குகிறவரைத் தெரிந்துகொள்ளும் இந்தப் பாடத்தைப் பெரிய கம்பெனிகளும் படிக்காமல் தப்பவில்லை. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட். ஜனங்கள் எப்படியும் இரண்டு பேராகத்தான் ஏறுவார்கள் என்று தெரிந்த யாரோ அங்கே இருந்திருக்கிறார்கள். அதே ஓசூரில் 1990-களில் டைட்டன்காரர்கள் தனிஷ்க் தொடங்கி, வெளிநாட்டுப் பாணியில் 18 காரட் நகை செய்து வைத்தபோது நம் பெண்கள் பார்த்து ரசித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிறகுதான் 22 காரட்டுக்கு மாறினார்கள். கடையில் காரட்மீட்டர் என்ற இயந்திரத்தை வைத்து, பழைய நகையைக் கொண்டுவாருங்கள், எவ்வளவு தங்கம் என்று சொல்கிறோம் என்றார்கள். பரம்பரை ஆசாரி கொடுத்த வளையலின் சுத்தம் திரையில் தெரிந்தபோது எத்தனை குடும்பங்களில் சண்டை வந்திருக்குமோ! ஆனால் கூட்டம் வந்தது. விற்பதற்கு முன்னால் வாங்குகிறவருடைய சந்தேகத்துக்கு மருந்து கொடுத்தார்கள்.

இப்போது எங்கள் ஊரிலேயே சிப்காட் தொழிற்பேட்டை. அக்கா மகன் பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு, தொழிலாளிகளுக்குச் செயலியில் மதியச் சாப்பாடு என்று கிளம்பியிருக்கிறான். லேப்டாப்பில் ஒரு படம் காட்டினான்: ராஜேஷ், வயது 27, மெஷின் ஆபரேட்டர், ஆரோக்கிய உணவில் நாட்டம். "யாருப்பா இது?" என்றேன். "நம்ம கஸ்டமர் மாமா, கற்பனை ஆள்." கூகுள் ஃபார்மில் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் வாங்குவோம் என்று சொன்னார்களாம். சும்மா சொல்வதற்கு என்ன காசா பணமா?

பழசுதான் உசத்தி என்று சொல்ல நான் வரவில்லை. அப்பா கடையில் ஒரு பெண் நாப்கின் வாங்க வேண்டுமென்றால் பெஞ்சில் இருக்கிற மூன்று பெருசுகளும் எழுந்து போகும்வரை உப்பு விலை கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். எருமையை விசாரிக்காத செயலி அவளுக்கு எவ்வளவு பெரிய விடுதலை! ஆனால் அந்தச் செயலிக்கு அவள் ஏன் திடீரென்று வாங்குவதை நிறுத்தினாள் என்று தெரியாது; தெரியாததால் கூப்பன் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

அவனை சிப்காட் பக்கத்து டீக்கடை அக்காவிடம் அனுப்பினேன். ஒடிசா, பீகார்ப் பையன்கள் சாப்பிட்டுப் போன தட்டைக் கழுவுவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்ப்பார். சாம்பார் மிச்சம், உருளைக்கிழங்கு மிச்சமில்லை. மறுநாள் சாம்பார் பாதி, கிழங்கு இரண்டு மடங்கு. ஃபார்ம் கிடையாது, ராஜேஷ் கிடையாது. கூடவே நானும் சொல்லி அனுப்பினேன்: வாங்குவீங்களா என்று கேட்காதே, நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு கொடுத்தீங்க என்று கேள், நாளைக்கு என்று கேட்டால் உன் மனசு நோகாமல் ஏதாவது சொல்வார்கள், நேற்றைக்கு என்றால் நடந்ததுதான் வரும். பிரமாதம் என்கிறவரிடம் பத்து ரூபாய் அட்வான்ஸ் கேள், முகம் மாறுகிறதா பார். பேரம் பேசுகிறவனை விடாதே, அவனுக்குத்தான் வாங்க ஆசை.

சில நாளில் வந்தான், வெயிலில் கறுத்து. "மாமா, மத்தியானம் கம்பெனி கேன்டீன்லயே போட்டுடறாங்க. ஞாயித்துக்கிழமைதான் பசங்க ரூம்ல பிஸ்கட்டைத் தின்னுட்டுப் படுத்துக் கிடக்கறாங்க." இப்போது ஞாயிறு மட்டும் சாப்பாடு, சனிக்கிழமையே முன்பணம். நன்றாகத்தான் போகிறது. போன வாரம் ஒரு சிக்கலோடு வந்து நின்றான்: சம்பளம் வரும்வரை கடன் கேட்கிறார்களாம், யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது?

"ராஜேஷுக்குத் தாராளமா குடு" என்றேன். "மத்தவங்களைப் பத்தி விசாரிச்சுட்டு வா."